ஒரு லட்சத்து ஒன்றை யார் வகுப்பது?

எங்கள் பெரியப்பா ஒரு வார்த்தை சொல்வார். “கணக்கு தெரிஞ்சவன் சந்தையில வாயத் தொறந்தா…” என்று ஆரம்பிக்கும். மீதி எனக்குச் சரியாக நினைவில்லை. “கடைக்காரனுக்கு நஷ்டம்” என்று முடித்தாரா, “அவனுக்கே நஷ்டம்” என்று முடித்தாரா? வெளியூரில் இருந்த காலமெல்லாம் முதலாவதுதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். காஞ்சிபுரத்துக்குத் திரும்பி வந்து, அரசு வேலைக்கான போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் ஒன்றில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்த பிறகு, இரண்டாவதாகத்தான் இருந்திருக்கும் என்று படுகிறது.

மற்ற வாத்தியார்களுக்கு இல்லாத ஒரு தொல்லை கணக்கு வாத்தியாருக்கு உண்டு. சரித்திரத்தில் இரண்டு கட்சி இருக்கலாம். இலக்கியத்தில் நாலு இருக்கலாம். கணக்கில் மட்டும் நாம் சொல்வது சரி என்றால் எதிரில் இருப்பவர் சொல்வது தப்பு. எவ்வளவு பணிவாகச் சொன்னாலும் அது திமிர் மாதிரிதான் காதில் விழும். சாக்பீஸ் தூளைத் தின்று வளர்ந்த என் இனத்தாரே, உங்களுக்குத் தெரியாததா!

ஒரே ஒரு இடம்

எங்கள் மையம் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது. முதலாளி தயாளன். பரம்பரையாகப் பட்டுக் கடை வைத்திருக்கும் குடும்பம். கெட்டவர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு தேர்வுக்கு முன்னாலும் அவர் ஒரு சிறப்பு வகுப்பு நடத்துவார். தினமும் மாதிரித் தேர்வு, உட்கார்ந்து படிக்கத் தனி அறை, புத்தகங்கள் எல்லாம் உண்டு. கட்டணம் எளியவர்களுக்கு எட்டாது. ஆனால் அதில் ஒரே ஒரு இடம் இலவசம். தகுதித் தேர்வில் முதலாவதாக வருபவருக்கு அது.

அந்த இடத்துக்காகவே ஐயம்பேட்டையிலிருந்து வந்துகொண்டிருந்தவர் கல்பனா. கணவர் கூலிக்குத் தறி நெய்கிறார். இவர் வீட்டில் இராட்டையில் நூல் சுற்றிக்கொண்டே தபாலில் பி.காம். முடித்தவர். வயது வரம்பு இந்த முறையோடு முடிகிறது, அடுத்த தேர்வை எழுத முடியாது. வந்த முதல் நாளே என்னிடம் நேராகச் சொல்லிவிட்டார்: “சார், காசு கட்டி அந்த ஸ்பெஷல் கிளாஸ் போறதுக்கு எங்களுக்கு வழியில்ல. அந்த ஒத்த சீட்டு என்னுதுன்னு நெனச்சிக்கினுதான் ஷேர் ஆட்டோ ஏறி வரேன்.”

கூட்டினால் எட்டு

ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டே படிக்க வந்த சம்பத் ஒரு நாள் முகம் செத்துப்போய் உட்கார்ந்திருந்தான். என்னவென்று கேட்டால், அவனுடைய தேர்வுப் பதிவு எண்ணைக் கூட்டிக் கூட்டி ஒற்றை இலக்கமாக்கினால் எட்டு வருகிறதாம். எட்டு ஆகாதாம். விண்ணப்பத்தை ரத்து செய்துவிட்டு வேறு எண் வாங்க முடியுமா என்று விசாரித்துக்கொண்டிருந்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எட்டு இலக்கமோ பத்து இலக்கமோ, அவ்வளவு பெரிய ஓர் எண்ணுக்குள் எத்தனை சங்கதி இருக்கிறது! ஒற்றையா இரட்டையா, எதனால் வகுபடும், எத்தனை காரணிகள், வர்க்க எண்ணா இல்லையா என்று பார்த்தால் ஒரு பொழுது போதாது. அத்தனையையும் விட்டுவிட்டு ‘ஆகும், ஆகாது’ என்று இரண்டே சாதியாக இந்த ஜனங்கள் பிரித்து வைத்திருக்கிறார்களே என்று வெடித்தேன். இலக்கங்களைக் கூட்டுவது ஒன்பதால் வகுத்து மீதி பார்ப்பதுதான், வேறொன்றும் இல்லை, மீதி எட்டு வந்தால் கூட்டுத்தொகை எட்டு, ஒன்பது பேர் பரீட்சை எழுதினால் அதில் ஒருத்தருக்கு எட்டு வரத்தான் செய்யும் என்று பலகையில் போட்டுக் காட்டினேன். வகுப்பே தலையாட்டியது. சம்பத்தும் ஆட்டினான். பிறகு கையைத் தூக்கினான்.

“அப்ப ஒம்போது பேர்ல ஒருத்தன் ஊத்திக்கறது கரெக்டுதானே சார்? அந்த ஒருத்தன் நானு.”

இதைக் கற்று என்ன செய்ய

நான் எட்டாவது வரை தமிழில் படித்துவிட்டு, அதற்கு மேல் இங்கிலீஷில் படித்தவன். அதனால் ஒரே சங்கதிக்கு இரண்டு பெயர் எனக்குத் தெரியும். அதில் எது மேல் என்று சும்மா இருக்கும்போது யோசித்துக்கொண்டிருப்பேன். ‘பிரைம் நம்பர்’ என்றால் அது ஏதோ பெரிய மனுஷ எண் என்று தோன்றுமே தவிர வேறொன்றும் விளங்காது. ‘பகா எண்’ என்றால் சொல்லிலேயே எல்லாம் இருக்கிறது. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் பகுபடாத எண். மற்றதெல்லாம் பகு எண். எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் இந்த இரண்டு வீட்டில் ஒன்றுக்குத்தான் போயாக வேண்டும். அது எந்த வீடு என்று கண்டுபிடிக்கிற நேரத்தில் மனசுக்குள் ஓர் அமைதி வரும். கோயில் குளத்துப் படியில் உட்கார்ந்தால் வருமே, அந்த மாதிரி.

இதை எங்கள் மையத்தில் பொது அறிவு நடத்திய மல்லிகா டீச்சரிடம் டீ குடிக்கும்போது சொல்லித் தொலைத்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“பகா எண்ணத் தெரிஞ்சிக்கினு தாலுக்கா ஆபீஸ்ல என்ன சார் பண்ணப் போறாங்க? பட்டாவ வகுக்கவா?”

எட்டு ரூபாய் ஆசீர்வாதம்

சம்பத்தின் தங்கை கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மொய் எழுதும் மேஜையில் அவனுடைய தாய்மாமன் உட்கார்ந்திருந்தார். நான் ஆயிரத்து ஒன்று வைத்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “ஏங்க, எல்லாரும் எதுக்கு இந்த ஒரு ரூபா சேத்து வெக்கறாங்க?” என்று கேட்டேன். “பிரிக்க முடியாதுல்ல? ஆயிரம்னா ரெண்டா பிரிச்சிடலாம். ஒண்ணு சேந்துக்கிச்சின்னா யாராலயும் பிரிக்க முடியாது. பொண்ணு மாப்பிள்ளையும் அப்படியே இருக்கணும்” என்றார்.

அழகான எண்ணம்தான். ஆனால் தப்பு. ஆயிரத்து ஒன்று ஏழால் பிரியும், பதினொன்றால் பிரியும், பதின்மூன்றால் பிரியும். மூன்றையும் பெருக்கினால்தான் ஆயிரத்து ஒன்றே வருகிறது. இரண்டாகப் பிரியாது, அவ்வளவுதான். இதைச் சொன்னதும் மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் என்னை அபசகுனம் பிடித்தவனைப் போலப் பார்த்தார்கள். தாய்மாமன் மட்டும் நிதானமாகக் கேட்டார்: “சரி, அப்ப பிரியாத நம்பர்தான் எது?” ஆயிரத்துக்கு மேல் முதல் பகா எண் ஆயிரத்து ஒன்பது என்றேன். அவர் பேனாவை எடுத்தார்.

“அப்ப இன்னும் எட்டு ரூவா எடு சார். தெரிஞ்சிக்கினே பொண்ணுக்குக் கொறையா வெக்கலாமா?”

குறுக்குவழி

தயாளன் தம் மையத்துக்கென்று ஒரு கணக்குப் புத்தகம் அச்சடித்திருந்தார். முழுக்கக் குறுக்குவழிகள். எனக்கு முன்னால் இருந்த யாரோ எழுதிக் கொடுத்தது, இடையிடையே தயாளனே சேர்த்ததும் உண்டு. அதில் ஒரு வரி: ‘முதலிலும் கடைசியிலும் ஒன்று, நடுவில் எல்லாம் பூஜ்யம் என்றால் அது பகா எண்.’ அதற்கு உதாரணமாகக் கொட்டை எழுத்தில் 1,00,001. போதாததற்கு மாடிப்படிச் சுவரில், ‘ஒரு லட்சத்து ஒன்றைப் போல யாராலும் உடைக்க முடியாத தன்னம்பிக்கை!’ என்று பெயின்டில் எழுதியும் வைத்திருந்தார். தினமும் அதைப் படித்துக்கொண்டே படியேறினால் எனக்கு மூச்சு வாங்கும். எழுபது கிலோ உடம்பால் இல்லை.

ஒரு நாள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். நூற்று ஒன்று பகா எண், சரி. அதோடு அந்த வழி முடிந்துவிட்டது. ஆயிரத்து ஒன்று பகா எண் இல்லை. பத்தாயிரத்து ஒன்று எழுபத்து மூன்றையும் நூற்று முப்பத்தேழையும் பெருக்கினால் வருவது. ஒரு லட்சத்து ஒன்றைப் பதினொன்றால் வகுத்தால் மீதியே வராது. ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களைக் கூட்டுங்கள், ஒரு பக்கம் ஒன்று, மறு பக்கமும் ஒன்று, வித்தியாசம் பூஜ்யம், அப்படி வந்தால் பதினொன்றால் வகுபடும் என்று அர்த்தம். எல்லாவற்றையும் நிதானமாகத்தான் சொன்னேன். அவரும் நிதானமாகத்தான் கேட்டார்.

“நூத்தி ஒண்ணு, ஆயிரத்தி ஒண்ணுன்னு பெரியவங்க காலங்காலமா மொய் வெக்கறாங்களே, யோசிக்காமயா வெச்சிருப்பாங்க சார்?”

நாலில் எது

தகுதித் தேர்வு வந்தது. கேள்வித்தாளைத் தயாளன் தம் புத்தகத்திலிருந்தே எடுத்து அச்சுக்குக் கொடுத்துவிட்டார். என்னிடம் காட்டவில்லை. அதில் ஒரு கேள்வி: கீழ்க்கண்டவற்றில் பகா எண் எது? 91, 111, 9091, 1,00,001.

கல்பனா இதை எப்படிப் போட்டார் என்று பிறகு என்னிடம் சொன்னார். 91 ஏழால் போய்விட்டது. 111-இன் இலக்கங்களைக் கூட்டினால் மூன்று, ஆகவே மூன்றால் போய்விட்டது. 1,00,001 பதினொன்றால் போய்விட்டது. மிஞ்சியது 9091. அதையே குறித்தார். மிக நேர்த்தியான வழி, சரியான விடை. ஆனால் தயாளனின் விடைக்குறிப்பில் 1,00,001 என்று இருந்தது. கல்பனாவுக்கு அந்த மதிப்பெண் போனது. புத்தகத்தை அப்படியே மனப்பாடம் செய்திருந்த பிரபு என்கிற பையனுக்கு வந்தது. மற்ற எல்லாவற்றிலும் இருவரும் சமம். இலவச இடம் பிரபுவுக்கு என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்.

கல்பனா அதைப் படித்துவிட்டு என்னிடம் வந்தார். அழவில்லை. கேள்வித்தாளை மட்டும் நீட்டினார்.

“சார், நீங்க கத்துக்குடுத்தது தப்பா, இல்ல நான் போட்டது தப்பா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.”

வகுத்துக் காட்டிய நாள்

அன்று மாலை வகுப்பில் வேறு பாடம் நடத்தவில்லை. பலகையில் ஒரு லட்சத்து ஒன்றை எழுதிப் பதினொன்றால் நீள வகுத்தல் போட்டேன். படிப்படியாக இறங்கி வந்து கீழே பூஜ்யம் விழுந்தது. மேலே 9091 நின்றது. அதாவது, கல்பனா குறித்த விடையை வைத்தே தயாளனின் விடை இரண்டாகப் பிளந்தது. இந்த அழகைப் பார்த்து யாராவது ‘ஆ’ என்பார்கள் என்று திரும்பினேன். நாற்பது பேரும் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

“சார், பரீட்சையில வந்துச்சின்னா எத எழுதணும்? உங்க ஆன்சரா, புக்கு ஆன்சரா?”

சொல்லுங்கள் நண்பர்களே, இதற்கு நான் கோபப்படாமல் இருக்க வேண்டுமா? மீதி பூஜ்யம் என்பதற்கு மேல் ஒரு சாட்சியை நான் எங்கே போய்த் தேடுவேன்? சாக்பீஸை வீசிவிட்டு நேராக முதலாளி அறைக்குப் போனேன். பக்கத்தில் கால்குலேட்டர் இருந்தது. அவர் கண் முன்னாலேயே அழுத்திக் காட்டினேன். பார்த்தார். இரண்டாவது தடவை அவரே அழுத்தியும் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு கணம் நிஜமான வருத்தம் தெரிந்தது. அது யாருக்காக என்பது அடுத்த வாக்கியத்தில் தெரிந்தது.

“கரெக்டாவே இருக்கட்டும் சார். புக்கு ஊரெல்லாம் போயிடுச்சி. இந்த ஒண்ணு தப்புன்னு நானே ஒத்துக்கினா, மீதி எல்லாத்தையும் நோண்ட மாட்டானுங்களா?”

பிரபு

மறுநாள் பிரபு என்னைத் தேடி வந்தான். நல்ல பையன். அப்பா இல்லை, அம்மா பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறார். அவனுக்கும் அந்த இடம் இல்லாவிட்டால் சிறப்பு வகுப்பு கிடையாது. அவன் மேல் கோபப்படக் காரணம் தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. அது என் கோபத்தை இன்னும் அதிகமாக்கியது. ஒரு தப்பான வரியை அச்சடித்துவிட்டு, இரண்டு ஏழைகளை எதிரெதிரே நிறுத்துகிற வேலை இந்தப் புத்தகத்துக்கு எதற்கு?

வீட்டில் அவனும் வகுத்துப் பார்த்தானாம். மீதி வரவில்லையாம். தலையைச் சொறிந்துகொண்டே நின்றான்.

“நீங்க சொன்னதுதான் சார் கரெக்ட். நெஜ பரீட்சையில கரெக்டாவே எழுதிடறேன். சீட்ட மட்டும் திருப்பிக் கேக்காதீங்க சார்.”

பெருமாளிடம் ஒரு கேள்வி

நான் விடுவதாக இல்லை என்று தெரிந்ததும் தயாளன் ஒரு சமாதானத்துக்கு வந்தார். கல்பனாவையும் பிரபுவையும் என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்து, எல்லோருக்கும் காபி வரவழைத்தார். விடைக்குறிப்பை மாற்ற மாட்டாராம். ஆனால் அந்தக் கேள்வியை எழுதிய எல்லோருக்கும் மதிப்பெண் கொடுத்துவிடுவாராம். அப்போது இருவரும் சமம். இடமோ ஒன்று. ஆகவே இரண்டு பெயரையும் சீட்டில் எழுதி, வரதராஜப் பெருமாள் சன்னதியில் போட்டு, யாரையாவது ஒன்றை எடுக்கச் சொல்வது. யாருக்கும் மனத்தாங்கல் வராது, பெருமாள் பார்த்துக்கொள்வார்.

“ஏங்க, இது சொத்துப் பாகமா? வகுத்தா மீதி வருதா இல்லையான்ற கேள்விங்க!” என்று நான் எழுந்துவிட்டேன். “உக்காருங்க சார், காபி ஆறுது” என்றார் தயாளன். “அந்தம்மாவே ஒத்துக்குவாங்க. என்னம்மா? நல்ல எடமாதானே சொல்றேன்?”

கல்பனா காபியைத் தொடவில்லை. பாதிக்குப் பாதி வாய்ப்பு அது. போன வாரம் அதுகூட இல்லை. அவர் சரி என்று சொல்லியிருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். ஐயம்பேட்டையிலிருந்து அத்தனை நாள் வந்தது அந்த ஓர் இடத்துக்காகத்தான். அவர் பிரபுவை ஒரு பார்வை பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அப்புறம் தயாளனைப் பார்த்துச் சொன்னார்:

“பெருமாளக் கும்பிடறதுன்னா நானே போறேங்க. பதினொண்ணால வகுபடுதா இல்லையான்னு அவரப் போய்க் கேக்கறதுக்கு எனக்கு வெக்கமா இருக்குது.”

தயாளன் இரண்டு கையையும் விரித்தார். அப்படியானால் பழைய முடிவே இருக்கட்டும் என்றார். இடம் பிரபுவிடமே நின்றது.

ஆட்டோ நிறுத்தத்தில்

கல்பனாவோடு ஷேர் ஆட்டோ நிற்கும் இடம் வரை நடந்தேன். வழியெல்லாம் நான்தான் பேசினேன். அச்சடித்தவன், வாங்கினவன், படித்தவன், மாடிப்படிச் சுவரில் பெயின்ட் அடித்தவன் என்று ஒருவரையும் விடவில்லை. ஒரு எண் பகுபடுமா படாதா என்பது முதலாளியைக் கேட்டுக்கொண்டு நடக்கிற காரியமா என்று நடுத்தெருவில் நின்று கத்தினேன். பூக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். கல்பனா பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டு, ஆட்டோவில் இடம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்த பிறகுதான் பேசினார்.

“சீட்டுதானே சார் போச்சி, பரீட்சை போகலியே. வூட்லயே படிக்கறேன். நீங்க கத்தாதீங்க, தொண்ட கட்டிக்கும்.”

இந்த ஊரில் ஒரு லட்சத்து ஒன்றை வகுக்கப் பதினொன்று மட்டும் போதாது, முதலாளியின் சம்மதமும் வேண்டும்.

மறுநாள் காலையில் வேலை வேண்டாமென்று மாடிச் சாவியைத் தயாளனிடம் கொடுத்துவிட்டு, பரீட்சை வரைக்கும் தினமும் கல்பனாவுக்குப் பாடம் நடத்துவதென்று ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஏறினேன்.